தேதி மட்டும் மாறும்

என் சித்தப்பா சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சின்ன அச்சகம் ஒன்றில் கம்போசிட்டர். 1948 கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர், 31 வருஷம் அதே மூலையில் நின்றபடியே வேலை பார்த்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கார்டு, இவற்றோடு எட்டுப் பக்கத்தில் வாரம் ஒரு தமிழ் ஏடு. அந்த ஏட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு வரிச் செய்தி ஒன்று தவறாமல் வரும். சிங்கப்பூரில் அமலில் இருக்கும் அவசரகால நிலை இன்ன தேதி முதல் மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

முதல் இரண்டு தடவை ஸ்டிக்கில் எழுத்து எழுத்தாகக் கோத்தாராம். மூன்றாம் தடவை அடித்து முடித்ததும் அந்த நாலு வரியைப் பிரித்துக் கேஸில் போடாமல், நூலால் சுற்றிக் கட்டி ரேக்கின் அடித்தட்டில் வைத்துவிட்டார். "எப்படியும் வரத்தான் போவுது. எதுக்கு ஆத்தா வீணாக் கோக்கணும்? தேதிய மட்டும் மாத்துனாப் போதும்" என்பார். ஈய எழுத்துக்குப் பஞ்சம் பிடித்த அச்சகம் அது. கல்யாண சீசனில் 'ம்' போதாமல் அல்லாடுவார்கள். மேட்டரைக் கட்டி வைத்தால் முதலாளிக்குப் பொறுக்காது. இந்த ஒரு கட்டை மட்டும் அவரும் கண்டுகொள்ளவில்லை. பிரகடனத்தைவிட நீட்டிப்புதான் நிரந்தரமானது என்று அந்த இரண்டு பேருக்கும் சட்டம் படிக்காமலேயே புரிந்திருந்தது.

நான் பிற்பாடு நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பழைய செய்தித்தாள்களைத் தேடி வருகிற ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சுருளை மாட்டிக் கொடுத்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் நானும் ஒன்றை ஓட்டிப் பார்ப்பேன். அவசரகாலம் அறிவித்த நாளின் தாளை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் பக்கம், கட்டை கட்டையாக எழுத்து. நீட்டித்த நாளின் தாளைக் கண்டுபிடிக்கத்தான் கண் வலிக்கும். உள்பக்கத்தில், கப்பல் வருகைக்கும் ரப்பர் விலைக்கும் பக்கத்தில் ஒளிந்திருக்கும். தலைப்பில் இருந்த சட்டம் எப்படி மெல்ல மெல்ல மூலைக்குப் போய் அங்கேயே குடியிருக்கிறது என்பதை அந்தச் சுருள்களில்தான் நான் பார்த்தேன்.

சண்டை எங்கே நடந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா கூட்டரசு முழுக்க அவசரகாலம். ஜூன் கடைசி வாரத்தில் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர் அப்போது மலாயாவில் இல்லை. 1946 ஏப்ரலிலேயே தனிக் காலனியாகப் பிரித்துவிட்டார்கள். அங்கே ஹை கமிஷனர், இங்கே கவர்னர். அங்கே ஒரு கஜானா, இங்கே ஒரு கஜானா. உட்லண்ட்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் நடக்கிற சண்டைக்காக, காடே இல்லாத இந்தப் பக்கம் ஒரு சட்டம். அந்தச் சண்டையைப் போர் என்று சொன்னால் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தோட்டங்களுக்கு நஷ்ட ஈடு தராது, அதனால்தான் எமர்ஜென்சி என்றே கடைசிவரை அழைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1950 ஏப்ரலில் ஹேப்பி வேர்ல்டு விளையாட்டு அரங்கில் கவர்னர் கிம்ஸன் மேல் கையெறிகுண்டு வீசினார்கள். அவர் தப்பினார். ஆனால் தீவின் அன்றாடத்தில் அவசரகாலம் என்பது குண்டுச் சத்தம் அல்ல. அது ஒரு காகிதம்.

அப்பாவின் ஐசி என்னிடம் இருக்கிறது. 1948ல் சிங்கப்பூரில் முதல்முறையாகக் கொடுத்த அடையாள அட்டை. அட்டை என்ற பேர்தான், மடித்த காகிதம். உள்ளே ஒட்டிய புகைப்படத்தில் அப்பாவுக்குச் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. ரேகையின் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது மைப் பிசகு இல்லை. துறைமுகத்தில் மூட்டைக் கொக்கி கிழித்த தழும்பு. தஞ்சோங் பகாரில் ஹார்பர் போர்டு கூலி லைனில் அப்போது குடியிருந்தார்கள். வெளியே போனால் அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். காட்டில் இருப்பவனையும் ஊரில் இருப்பவனையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்தக் காகிதம் பிறந்தது. சண்டை முடிந்தும் காகிதம் முடியவில்லை. 1966ல் மறுபதிவு செய்து, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிக்கு நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். இன்றைக்குச் சிங்கப்பூரில் பல் மருத்துவரைப் பார்க்க வரிசை எண் வாங்கினால்கூட அதைத்தான் கேட்கிறார்கள். காட்டுச் சண்டை எங்கே, பல்வலி எங்கே!

அப்பா சங்கத்தில் இருந்தவர். தலைவர் எல்லாம் இல்லை, சந்தா கட்டுகிற ஆள். 1946, 47ல் துறைமுகத்தில் நடந்த வேலைநிறுத்தங்களைப் பற்றி மட்டும் வாய் திறந்து பேசுவார். வீரசேனன் மேடையேறிப் பேசினால் கிரேன்காரன்கூட இறங்கி வந்து கேட்பான் என்பார். வீரசேனன் சிங்கப்பூர் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். அவசரகாலம் வந்ததும் சங்கங்களைக் கலைத்தார்கள், தேடினார்கள். அவர் பாலம் தாண்டி மலாயாவுக்குள் போய் மறைந்தார். 1949 மே 3 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், மே 4, கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதியைத் தூக்கில் போட்டார்கள். அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. இந்திய அரசு கருணை கேட்டும் நடக்கவில்லை. இரண்டு நாளில் இரண்டு தமிழர்கள்.

அந்த வாரம்தான் என் அப்பாயி, அப்பாவின் தகரப் பெட்டியைத் துழாவி, சங்கத்துச் சந்தா ரசீது அத்தனையையும் அடுப்பில் போட்டது. அப்பா வேலை முடிந்து வந்தபோது அதன் மேல் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். நான் பிறந்தது 1953ல். எனக்குத் தெரிந்து அப்பா எந்தச் சங்கத்திலும், கோயில் கமிட்டியில்கூடப் பெயர் கொடுத்ததில்லை.

எங்கோ நடக்கும் சண்டைக்காக இங்கே இருக்கும் இந்தியர் காகிதம் சுமப்பது 1948ல் தொடங்கியதும் இல்லை. இதைச் சொல்ல ஐரோப்பா வரை போக வேண்டும். முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுபோட்டுத் தாக்கியது நம் எல்லாருக்கும் தெரியும். சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அந்த எம்டனில் பிடிபட்டவர்கள் சிலரைச் சிங்கப்பூரில், தங்ளின் முகாமில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்ஸாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி படைவீரர்கள் கலகம் செய்தார்கள். ஹாங்காங்குக்குப் போகச் சொல்லி உத்தரவு. துருக்கியரோடு சண்டை போட அனுப்பப் போகிறார்கள் என்று முகாமில் வதந்தி. கலகக்காரர்கள் தங்ளின் முகாமைத் திறந்துவிட்டார்கள். எம்டனின் லாட்டர்பாக் என்ற அதிகாரி அந்தக் குழப்பத்தில் தப்பியே போனார்.

அடக்கிய பின் 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவரோரம் நிறுத்தி, ஊர் கூடி வேடிக்கை பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். கலகம் செய்தவர்கள் வட இந்திய முஸ்லிம் வீரர்கள். அதற்குப் பிறகு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது, தீவில் இருந்த இந்தியர் எல்லாருக்கும். மார்க்கெட் ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கியில் வட்டிக் கணக்கு எழுதியவருக்கும், சிராங்கூனில் மாடு கறந்தவருக்கும். அதே 1915ல்தான் முகமதியர் ஆலோசனை வாரியமும் இந்து ஆலோசனை வாரியமும் தோன்றின. இன்று கோயில் விஷயங்களில் அரசாங்கம் கலந்து பேசுகிற அந்த வாரியத்துக்குப் பிறந்த வருஷம் ஏன் 1915 என்று யாரும் கேட்பதில்லை.

சரி, மூன்று மாதக் கணக்குக்கு வருவோம்.

அவசரகாலப் பிரகடனம் ஒன்று மூன்று மாதம்தான் செல்லும். முடிவதற்குள் இன்னொன்று போட வேண்டும். ஆங்கிலேயர் இதைக் கடிவாளம் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் நின்று, தேவையா என்று யோசிக்கட்டும் என்று. நடந்தது வேறு. எதையும் நாலு தடவை செய்தால் கை பழகிவிடும். வருஷத்துக்கு நாலு தடவை கையெழுத்துப் போட்டால் அது விவாதம் இல்லை, வழக்கம். சித்தப்பாவின் நூல் கட்டைப் போல அரசாங்க அலுவலகத்திலும் ஏதாவது ஒரு குமாஸ்தா ஒரு டைப் அடித்த தாளைத் தேதி இல்லாமல் இழுப்பறையில் வைத்திருக்கத்தானே செய்வார்?

1955 தேர்தலில் டேவிட் மார்ஷல் அவசரகாலச் சட்டத்தை எடுப்பேன் என்று சொல்லி வந்தார். உட்லண்ட்ஸ் பாலத்துக்கு அப்பால் நடக்கிற சண்டைக்கு இங்கே ஏன் இது என்று கேட்கத் தகுந்த ஒரு வழக்கறிஞர். முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார், ஏப்ரலில் நீட்டிப்பு வந்து நின்றது. கொஞ்சம் பல்லைப் பிடுங்கி, நீட்டித்தார். மே 12 அன்று ஹோக் லீ பஸ் கலவரம், நாலு பேர் சாவு. அக்டோபரில் அவசரகாலச் சட்டம் போய், பொதுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று. விசாரணை இல்லாமல் காவலில் வைக்கும் அதிகாரம் பத்திரமாக இடம் மாறிக்கொண்டது. 1958ல் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். 1959ல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்தது. சித்தப்பா அந்த வருஷம் கட்டிலிருந்து 'மூன்று மாதங்களுக்கு' என்பதை நெம்பி எடுத்துவிட்டு 'ஐந்து ஆண்டுகளுக்கு' என்று கோத்தார். வரி நீளம் சரியாக வரவில்லை, இரண்டு ஸ்பேஸைக் குறைக்க வேண்டியிருந்தது என்று இருபது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருந்தார். எதிர்க்கட்சியாக இருந்தபோது அந்தச் சட்டத்தைச் சாடியவர்கள்தான் நீட்டித்தவர்கள். அந்தக் கட்சிக்காரரான தேவன் நாயர் 1951ல் ஒரு சட்டத்திலும் 1956ல் இன்னொரு சட்டத்திலும் உள்ளே இருந்தவர். 1981ல் அவரே நாட்டின் அதிபரானார்.

அதே 1955ல் பிறந்த இன்னொரு சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக' என்ற சொல் இருக்கிறது. குற்றவியல் சட்டம், தற்காலிக ஏற்பாடுகள். எனக்கு இரண்டு வயது குறைந்த சட்டம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நாடாளுமன்றம் கூடி நீட்டிக்கிறது. 2024லும் நீட்டித்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், தற்காலிகம் இன்னும் வேலைக்குப் போகிறது.

1962 டிசம்பர் 8ல் புருணையில் கிளர்ச்சி. போர்னியோ தீவின் வடக்குக் கரையில் நடந்தது. அடுத்த பிப்ரவரி 2 விடியலில் சிங்கப்பூரில் ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைது. தொழிற்சங்கத் தலைவர்களான ஜேம்ஸ் புதுச்சேரியும் உட்ஹல்லும் அதில் உண்டு. புருணைக் கிளர்ச்சித் தலைவரைச் சிங்கப்பூர் இடதுசாரிகள் சந்தித்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சரியா தவறா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், கைது செய்தவர்கள் சொன்ன காரணத்தை, கைது செய்யப்பட்டவர்கள் ஒரு நீதிபதி முன்னால் மறுத்துப் பேச வழியிருந்திருந்தால் இந்த மோதலே மிஞ்சியிருக்காது.

இதன் பிறகு வந்ததை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்து, பதினோரு வயதில் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் நாங்கள் தேக்கா பக்கம், கம்போங் கபூர் சாலைக்கு உள்ளே ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைக்கு வந்துவிட்டோம். கீழே அஞ்சடியில் ஒரு ஒட்டுக்கடை, பின்னால் மாடு வைத்திருந்த பால்காரர். 1963 செப்டம்பர் 16ல் மலேசியா பிறந்தது, நாமும் அதில். இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கு அது பிடிக்கவில்லை. கொன்ஃப்ரன்டாசி என்ற சொல் அந்த வருஷம் ஜனவரியிலேயே வந்திருந்தது. மலேசியா பிறந்த வாரத்தில் இந்தோனேசியா வணிகத்தை அறுத்தது. எங்கள் வீட்டில் போர் வந்து இறங்கியது அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில்தான். கொட்டைப்பாக்கு சுமத்ராவிலிருந்து வரும். கடைக்காரர் விலையைச் சொல்ல, அப்பாயி கையிலிருந்த பாக்கை அளவைக்குள் திரும்பக் கொட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "யாரு அவன் சுகர்னோ? அவன் வெத்தல போட மாட்டானா?" என்று கேட்டது. துறைமுகத்தில் அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றது. வெள்ளிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்தது.

செப்டம்பர் 24 அன்று காத்தோங் பூங்காவில் முதல் குண்டு. அதன் பிறகு அங்கொன்று இங்கொன்று என்று வெடித்துக்கொண்டே இருந்தது. பள்ளியில், கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலத்தை, டார்ச் லைட்டை, பேனாவைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தடவை தேக்கா சந்தை வாசலில் மஞ்சள் துணிப்பை ஒன்று கிடக்க, ஊரே விலகி நின்றது. போலீஸ் வந்து பிரித்தால் உள்ளே கருவாடு.

1964ல் விஜிலன்டி கோர் என்ற காவற்படையைத் தொடங்கினார்கள். சித்தப்பா பேர் கொடுத்தார். கையில் ஒரு பட்டை, ஒரு விசில். ராத்திரி ரோந்து முடித்துக் காலையில் வந்து கோக்கும்போது தூக்கத்தில் எழுத்து மாறிவிடும். 'நிகழும் மங்களகரமான' என்பதில் ஒரு மெய்யெழுத்தைத் தலைகீழாக வைத்துக் கல்யாண வீட்டாரிடம் வசவு வாங்கினார்.

அந்த 1964ல் நடந்ததை இன்றைக்கும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நியாயம்தான், அன்றைக்கே எங்களுக்குக் குழப்பம். ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் இனக்கலவரம் மூண்டது. இரவு ஒன்பதரைக்கு ஊரடங்கு. 23 பேர் இறந்தார்கள், 454 பேருக்குக் காயம். ஊரடங்கை ஆகஸ்ட் 2ல்தான் முழுதாக எடுத்தார்கள். ஆகஸ்ட் 17ல் இந்தோனேசியப் படையாட்கள் ஜொகூரின் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். செப்டம்பர் 2 விடிவதற்குள் லாபிஸ் பக்கம் பாராசூட்டில் இறங்கினார்கள். அதே நாள் இரவு கேலாங் சிராயில் ஒரு ட்ரைஷா ஓட்டுநர் கொல்லப்பட்டு, சிங்கப்பூரில் மறுபடி கலவரம், இன்னும் 13 சாவு. செப்டம்பர் 3 அன்று மலேசியா முழுக்க அவசரகாலம் பிரகடனம் ஆனது. வெளிநாட்டான் இறங்கியதற்காக.

வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளைக்கு எந்தக் கதவு எதற்காகச் சாத்தியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாராசூட்காரனுக்காகவா, கேலாங்குக்காகவா? அப்பாவைக் கேட்டேன். "கதவச் சாத்தச் சொன்னா சாத்தணும்" என்றார். ரசீது எரிந்த அடுப்பு அவர் குரலில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஊரடங்கில் சிராங்கூன் சாலை எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பால்காரர் கதை. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது, நேரமானால் கத்தும். கறந்த பாலைக் கொண்டு போக முடியாது, கொட்டவும் மனசு வராது. ஊரடங்கைத் தளர்த்தும் சில மணி நேரம்வரை வைத்திருந்தால் திரிந்துவிடும். அதனால் கடைவீட்டில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் பின்படி வழியாக இலவசப் பால். மாடியில் ஒரு மலாய்க் குடும்பம், இரண்டு சீனக் குடும்பம், நாங்கள். சீனக் கிழவிக்குப் பாலே ஆகாது. வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் கொடுத்துவிடும். சாலையில் ஒரு வண்டி இல்லை. அப்துல் கஃபூர் பள்ளிவாசல் பாங்கும் வீரமாகாளியம்மன் கோயில் மணியும் அவ்வளவு துல்லியமாக அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அழகு என்றும் சொல்லலாம், வேறு பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் என்ன கேட்டது என்று யோசிக்காதவரை.

1965 மார்ச் 10, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிஷம். ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனால்ட் ஹவுஸ். ஹாங்காங் ஷாங்காய் வங்கி இருந்த சிவப்புச் செங்கல் கட்டடம். இந்தோனேசியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இருவர் வைத்த குண்டில் வங்கியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அங்கேயே இறந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் பிறகு இறந்தார். 33 பேருக்குக் காயம். மாலையில் சித்தப்பா வந்தபோது சட்டைப் பையில் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்திருந்தார். தோபி காட் வழியாக வரும்போது சாலையில் எடுத்ததாம். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அப்பாயி அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று வெளியே வீசச் சொன்னது. அவசரகாலம் வெறும் காகிதம் என்று நான் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தச் சில்லு குறுக்கே வரும். பயம் பொய்யில்லை. குண்டு நிஜம், செத்தவர்கள் நிஜம். பிடிபட்ட இருவரையும் 1968 அக்டோபர் 17ல் தூக்கிலிட்டார்கள். 1973ல் லீ குவான் யூ ஜகார்த்தா போய் அவர்கள் கல்லறையில் பூத் தூவினார். 2014ல் இந்தோனேசியா அந்த இருவர் பெயரையும் ஒரு போர்க்கப்பலுக்கு வைக்க, இங்கே மறுபடி கொதித்தது. 2015ல் எதிரே தோபி காட் திடலில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

இதற்கிடையில் நாடே மாறியது. 1965 ஆகஸ்ட் 9ல் சிங்கப்பூர் தனியானது. 1966 ஆகஸ்ட் 11ல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஜகார்த்தாவில் சமாதானக் கையெழுத்துப் போட்டன. சண்டை முடிந்தது. 1964 செப்டம்பரின் பிரகடனத்தை மலேசியாவில் அன்றைக்கு யாரும் ரத்து செய்யவில்லை. 1969 மே கலவரத்துக்கு இன்னொரு பிரகடனம் போட்டார்கள், அது பழையதை மறைமுகமாக அகற்றிவிட்டது என்று 1978ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சுகர்னோ 1970லேயே இறந்துவிட்டார். இங்கே, மலேசியாவோடு 1963ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியா போன பின்னும் தங்கிவிட்டது. 2011ல் மலேசியப் பிரதமர் தங்கள் நாட்டில் அதை எடுக்கப் போவதாக அறிவித்தார். நம்மிடம் இருக்கிறது. கொடுத்த வீட்டுக்காரரே தூக்கிப்போட்ட பண்டத்தை விருந்தாளி வீட்டில் துடைத்து வைத்திருப்பதுபோல.

ஊர்ப் பக்கமும் இதே கதைதான். சீனா எல்லையில் நுழைந்ததற்காக 1962 அக்டோபர் 26ல் இந்தியாவில் அவசரகாலம். ஒரே மாதத்தில் சண்டை நின்றது. அவசரகாலம் நின்றது 1968 ஜனவரி 10ல். நடுவில் 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காக மு. கருணாநிதியைக் கைது செய்து பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது சீனாவுக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி. இமயமலைப் பனிக்காக எழுதிய சட்டம் தாமிரபரணிக் கரையில் வேலை செய்தது. அந்தச் செய்தியைக் கோத்ததும் சித்தப்பாதான். "பாத்தியா, அங்கயும் கட்டி வெச்சிருக்கான்" என்றார். அமெரிக்காவில் ஈரானுக்காக 1979 நவம்பரில் அறிவித்த தேசிய அவசரநிலையை வருஷா வருஷம் நவம்பரில் இன்றும் நீட்டிக்கிறார்கள். எந்தக் கட்சி அதிபர் என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. வெள்ளை மாளிகையிலும் ஒரு நூல் கட்டு இருக்கும் போலிருக்கிறது.

1979ல் அச்சகத்தை ஆஃப்செட்டுக்கு மாற்றினார்கள். ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போனது. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ரேக்கின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார். நாலு வரி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கருங்கல் கனம். நூல் மையில் ஊறிக் கறுத்து இறுகியிருந்தது. "இத மட்டும் எடைக்குப் போடலடி" என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அது என் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த பேத்தி அதைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருந்ததால் படிக்க முடியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்து, படத்தை இடம் வலமாகத் திருப்பி, மெல்ல எழுத்துக்கூட்டினாள். 'மேலும்' வந்தது. 'ஐந்து ஆண்டுகளுக்கு' வந்தது. நடுவில் நின்றாள்.

"தேதி போட வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்லையே பாட்டி?"

அங்கே வெறும் குவாட்தான் இருக்கிறது, இடத்தை அடைக்கும் எழுத்தில்லாத ஈயத் துண்டு. நான் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறேன். தை மாதம் முகூர்த்தம் நெருக்கியடித்ததாம். எண்கள் போதவில்லை. அவற்றை உருவிக் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டுவிட்டாராம்.